இங்கிலீஷ்ல கேள்வி கேக்கும்போது வெர்ப் தப்பாம வரணுமா? முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒவ்வொரு படியா

"டிட் யூ சா மை மெசேஜ்?" இந்த மாதிரி கேள்விய எத்தனை பேர் வாயில இருந்து கேட்டிருக்கேன்னு கணக்கே இல்ல. கிராமர் தெரியாதவங்க சொல்றதுன்னு நினைக்காதீங்க, சீ, சா, சீன்னு மூணு ஃபார்மையும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிக்கிறவங்க தான் இப்படி கேக்கறாங்க. சாதாரண வாக்கியத்த ஒழுங்கா பேசிட்டு வர்றவங்க கேள்வின்னு வந்ததும் தடுமாறிடறாங்க, ஏன்னா கேள்வில வெர்ப் பாதி நேரம் ரெண்டா பிரிஞ்சு நிக்கும், அதுல எது மாறணும் எது மாறக்கூடாதுன்னு வரிசையா யாரும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க.

பேச்சு இங்கிலீஷ் பழகுறவங்க கூட உக்காந்து பயிற்சி குடுத்துட்டு வர்றேன். அதுல எனக்கு நல்லா புரிஞ்சது இதுதான்: ரூல் ரொம்ப கம்மி, கத்துக்கிற வரிசை தான் தப்பா இருக்கு. அதனால கீழ இருக்கற வரிசையிலயே போங்க, நடுவுல இருந்து ஆரம்பிக்காதீங்க.

1. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கையில என்ன இருக்கணும்

முதல்ல, தினமும் பேசறதுக்கு தேவைப்படற ஒரு நாப்பது வெர்ப்புக்கு மூணு ஃபார்மும் தெரிஞ்சிருக்கணும். கோ, வென்ட், கான். ரைட், ரோட், ரிட்டன். டேக், டுக், டேக்கன். இது தெரியலன்னா பின்னாடி "ரெண்டாவது ஃபார்ம எடுத்துட்டு முதல் ஃபார்ம போடுங்க"ன்னு நான் சொல்றப்போ எதை எடுக்கறது எதை போடறதுன்னு தெரியாம நிப்பீங்க.

அடுத்து, ஹெல்பிங் வெர்ப் எதெல்லாம்னு பாத்த உடனே அடையாளம் தெரியணும். ஆம், இஸ், ஆர், வாஸ், வெர் ஒரு குடும்பம். ஹேவ், ஹேஸ், ஹேட் இன்னொரு குடும்பம். கேன், குட், வில், வுட், ஷல், ஷுட், மே, மைட், மஸ்ட் மூணாவது. நாலாவது டூ, டஸ், டிட், இதுங்க கூப்பிட்டா மட்டும் வர்ற ஆளுங்க, ஏன்னு அஞ்சாவது படில வரும்.

இதுக்கெல்லாம் மேல, கேள்வியா ஆகறதுக்கு முன்னாடி இருக்கற சாதாரண வாக்கியத்த நீங்க தப்பில்லாம சொல்லணும். கேள்வி ஆகாசத்துல இருந்து வர்றதில்ல, ஒரு சாதாரண வாக்கியத்த திருப்பிப் போட்டா தான் கேள்வி. அடிப்படை வாக்கியமே தப்பா இருந்தா கேள்வியும் தப்பா தான் வரும்.

2. தமிழ்ல கேக்கற பழக்கம் எங்க இடிக்குதுன்னு புரிஞ்சுக்கங்க

தமிழ்ல கேள்வி கேக்கறது ரொம்ப சுலபம். "வந்தான்" கூட ஒரு ஆ சேத்தா "வந்தானா". வெர்ப்ப தொடவே இல்ல, அதுக்குள்ள இருக்கற காலம் அப்படியே இருக்கு, கடைசில ஒரு எழுத்து மட்டும் ஒட்டிக்குச்சு.

இங்கிலீஷ்ல கேள்வியோட அடையாளம் வாக்கியத்தோட முன்னாடி வந்து நிக்கும், அதுவும் ஒரு ஹெல்பிங் வெர்ப்பா வந்து நிக்கும். அப்படி முன்னாடி வர்ற ஆளு சும்மா வராது, காலத்தையும் தன்னோட தூக்கிட்டு வந்துடும். இறந்த காலமா நிகழ்காலமாங்கறதும், ஹி ஷி க்கு வர்ற அந்த எஸ்ஸும் அது கூடவே போயிடும்.

இந்த வழிகாட்டி முழுசுக்கும் சேத்து ஒரே ஒரு விஷயம் மனசுல நிக்கணும்னா இதுதான்: ஒரு கேள்விக்குள்ள காலத்த காட்டற வேலை ஒரே ஒரு வெர்ப்புக்கு தான். அது முன்னாடி நிக்கற வெர்ப். பின்னாடி இருக்கறது அந்த வேலைய செய்யாது. "டிட் யூ சா"ல டிட்டும் இறந்த காலம், சாவும் இறந்த காலம், ஒரு வேலைக்கு ரெண்டு ஆளு, அதனால தான் தப்பு.

3. முதல் வேலை: வாக்கியத்துல ஹெல்பிங் வெர்ப் இருக்கான்னு தேடுங்க

கேள்வி கேக்கணும்னு தோணின உடனே வாயத் திறக்காதீங்க, அதோட சாதாரண வாக்கியத்த மனசுக்குள்ள ஒரு தடவ சொல்லுங்க. "அவ ரெடியா?"ன்னு கேக்கணும்னா "ஷி இஸ் ரெடி". அதுல இஸ் இருக்கு. அவ்வளவுதான், இடம் மாத்துங்க: "இஸ் ஷி ரெடி?"

"தே வெர் அட் ஹோம்" ஆனா "வெர் தே அட் ஹோம்?" "யூ ஆர் கமிங்" ஆனா "ஆர் யூ கமிங்?" வேற எதுவும் மாறாது, எதுவும் சேராது. கமிங்ல இருக்கற ஐஎன்ஜி கூட அப்படியே இருக்கும்.

இங்க வர்ற தப்பு ரெண்டு. ஒண்ணு, இஸ் ஆர் இருக்கும்போதே டூவையும் கூப்பிடறது: "டூ யூ ஆர் ரெடி?", "டிட் யூ வாஸ் தேர்?" ஏற்கனவே முன்னாடி போக ஒரு ஆளு இருக்கறப்போ இன்னொரு ஆளுக்கு வேலையே இல்ல. இன்னொண்ணு, எங்க பாத்தாலும் ஆர் போடறது: "ஆர் யூ கோ?", "ஆர் யூ நோ ஹிம்?" ஆர் முன்னாடி இருந்தா அதுக்கு ஜோடியா பின்னாடி வர்ற வேலைச்சொல் ஐஎன்ஜி ஃபார்ம்ல இருக்கணும், இல்ல மூணாவது ஃபார்ம்ல இருக்கணும். வெறும் முதல் ஃபார்ம் ஆர் பக்கத்துல உக்காரவே உக்காராது. சாதாரண வாக்கியத்துலயும் "யூ ஆர் கோ"ன்னு சொல்ல மாட்டோம் இல்லையா, அதே காரணம் தான்.

"ஆர் யூ நோயிங் ஹிம்?"னு கேக்கறதும் வேண்டாம். நோ, லைக், வான்ட், நீட், பிலீவ் மாதிரி மனசு நிலைய சொல்ற வெர்ப் பொதுவா ஐஎன்ஜி எடுக்காது. "டூ யூ நோ ஹிம்?"

4. கேன், வில், ஷுட் குடும்பம்

இதுவும் இடம் மாத்தறது தான். "ஹி கேன் டிரைவ்" ஆனா "கேன் ஹி டிரைவ்?" பின்னாடி எப்பவுமே முதல் ஃபார்ம் தான், ஹி வந்தாலும் எஸ் வராது, டு வராது. "கேன் ஹி டிரைவ்ஸ்?", "குட் யூ கேம்?" ரெண்டுமே தப்பு.

குட்னு வந்தா இறந்த காலம்னு நினைச்சு பின்னாடி கேம் போடறவங்க நிறைய. ஒருத்தர்கிட்ட பணிவா உதவி கேக்கற "குட் யூ ஹெல்ப் மீ?"ல நேத்து நடந்தது எதுவுமே இல்ல, மரியாதைக்காக வர்ற குட் அது.

5. ஹெல்பிங் வெர்ப் இல்லன்னா: டூ, டஸ், டிட்

இங்க தான் நிதானமா நிக்கணும், கேள்வில வர்ற பெரும்பாலான தப்பு இந்தப் படில தான்.

"தே லிவ் ஹியர்." இதுல இஸ் இல்ல, கேன் இல்ல, முன்னாடி அனுப்ப ஆளே இல்ல. அப்போ இங்கிலீஷ் வெளில இருந்து ஒரு ஆள கூட்டிட்டு வரும், அவர்தான் டூ. "டூ தே லிவ் ஹியர்?" ஐ, யூ, வீ, தே ன்னா டூ. ஹி, ஷி, இட், இல்லன்னா ஒரே ஒரு ஆளோட பேரு வந்தா டஸ். இறந்த காலம்னா ஆளு யாரா இருந்தாலும் டிட்.

ஒரு தங்கச்சி "டஸ் ஷி லைக்ஸ்"ங்கறத விடவே மாட்டேன்னு இருந்தா. ரூல் சொன்னா தலையாட்டுவா, வாய் திறந்தா லைக்ஸ் வந்துடும். ஒரு நாள் பேப்பர்ல பெருசா "ஷி லைக்ஸ் மியூசிக்"னு இங்கிலீஷ்ல எழுதி, லைக்ஸோட கடைசி எஸ்ஸ மட்டும் கத்தரிக்கோலால வெட்டி அவ கையில குடுத்தேன். இன்னொரு துண்டு பேப்பர்ல டூன்னு எழுதி ஷிக்கு முன்னாடி வச்சேன். "எஸ்ஸ எங்க வைக்கப் போற?"ன்னு கேட்டேன். அவ அத டூ பக்கத்துல வச்சா, நடுவுல ஒரு ஈ எழுத்த சேத்தேன், டஸ் ஆச்சு. இப்போ லைக் பக்கத்துல வெட்டின ஓரம் மட்டும் இருக்கு. "திரும்பவும் லைக்ஸ்னு சொல்லணும்னா எஸ்ஸுக்கு எங்க போவ?"ன்னு கேட்டேன், கொஞ்ச நேரம் அந்த வெட்டின ஓரத்தையே பாத்துட்டு இருந்தா. அதுக்கப்புறம் தப்பு வந்தாலும் அவளே பாதில நிறுத்தி திருத்திக்கிட்டா. வீட்ல நீங்களும் இத ஒரு தடவ பேப்பர்ல பண்ணிப் பாருங்க, படிக்கறத விட கையால நகத்தறது சீக்கிரம் ஏறும்.

இறந்த காலத்துலயும் இதே கதை தான், ஆனா எஸ் மாதிரி கண்ணுக்கு தெரியாது. வென்ட்ங்கற சொல்லுக்குள்ள ரெண்டு விஷயம் ஒளிஞ்சிருக்கு, கோங்கற வேலையும் இறந்த காலமும். கேள்வியாக்கும்போது இறந்த காலத்த உருவி டிட் கையில குடுத்துடறோம். மிச்சம் என்ன? கோ. "டிட் ஹி கோ?" ஒர்க்ட்ல இருந்து இறந்த காலம் போனா ஒர்க். ரோட்ல இருந்து இறந்த காலம் போனா ரைட். அதனால தான் டிட் வந்தா பின்னாடி முதல் ஃபார்ம். மனப்பாடம் பண்ண வேண்டிய ரூல் இல்ல இது, கழித்தல் கணக்கு.

இன்னும் ரெண்டு இடத்துல தடுக்கும்.

"டூ யுவர் பிரதர் ஒர்க் தேர்?" யுவர்னு காதுல விழுந்த உடனே யூன்னு நினைச்சு டூ போட்டுடறோம். வேலை பாக்கறது நீங்க இல்ல, பிரதர். ஒரே ஆளு. "டஸ் யுவர் பிரதர் ஒர்க் தேர்?" அதே மாதிரி "டூ யுவர் பேரன்ட்ஸ் நோ?", ஏன்னா பேரன்ட்ஸ் ரெண்டு பேர். அப்புறம் எவ்ரிபடின்னா எல்லாரும்னு அர்த்தம் வந்தாலும் இலக்கணத்துல அது ஒருமை, "டஸ் எவ்ரிபடி நோ?" தான் சரி.

அடுத்தது, டூவே மெயின் வெர்ப்பா வர்ற கேள்வி. "நீ என்ன வேலை பாக்கற?"ங்கறதுக்கு "வாட் டூ யூ டூ?" ரெண்டு டூ இருக்கேன்னு பயந்து ஒண்ண விட்டுடறாங்க. முதல் டூ கேள்விக்கு, ரெண்டாவது டூ வேலைக்கு. "டிட் யூ டூ இட்?"னு தான் வரும், "டிட் யூ டிட்" வராது.

காதால கேட்டுப் பழகறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். வேகமா பேசும்போது "டிட் யூ"ங்கறது "டிஜ்யூ", சில நேரம் வெறும் "ஜ்யூ" மாதிரி தான் விழும். அதனால டிட்டே இல்லன்னு நினைச்சுக்காதீங்க, இருக்கு, ஒட்டிப் போயிருக்கு.

6. ஹேவ்: ஒரே சொல், ரெண்டு வேலை

"அவன்கிட்ட பேனா இருக்கா?" இங்க ஹேவ்னா கையில இருக்கறது, அது மெயின் வெர்ப். அதனால டூ குடும்பம் தான் வரணும்: "டஸ் ஹி ஹேவ் எ பென்?" ஹேஸ் இல்ல, ஹேவ், ஏன்னா எஸ் டஸ் கிட்ட போயாச்சு. நேத்து இருந்துச்சான்னு கேட்டா "டிட் ஹி ஹேவ் எ பென்?" ஹேட் இல்ல.

"நான் வரணுமா?"ங்கறதுக்கும் இதே வழி, "டூ ஐ ஹேவ் டு கம்?"

"அவன் முடிச்சுட்டானா?"ன்னு கேக்கும்போது ஹேவ் ஹெல்பிங் வெர்ப். "ஹி ஹேஸ் ஃபினிஷ்ட்" ஆனா "ஹேஸ் ஹி ஃபினிஷ்ட்?" இங்க பின்னாடி இருக்கறது மூணாவது ஃபார்ம், அது அப்படியே இருக்கும், முதல் ஃபார்ம் ஆக்கிடாதீங்க. "ஹேவ் யூ சீ திஸ்?" தப்பு, "ஹேவ் யூ சீன் திஸ்?" சரி.

அப்போ காலம் ஒரே இடத்துலன்னு சொன்னியேன்னு கேப்பீங்க. சீன்ங்கற மூணாவது ஃபார்ம் காலத்த காட்டல, வேலை முடிஞ்சதுன்னு மட்டும் காட்டுது, காலம் ஹேவ் கிட்ட தான் இருக்கு. சாவும் சீன்னும் இங்க தான் பிரியுது. டிட்க்கு பின்னாடி சீ, ஹேவ்க்கு பின்னாடி சீன். கேள்வில சாவுக்கு இடம் ஒன்பதாவது படிலயும் பதினொண்ணாவது படிலயும் தான்.

7. செய்யப்பட்ட விஷயத்த கேக்கறது

"வென் டிட் யூ பார்ன்?" இத கேக்காத நாளே கிடையாது. பார்ன்ங்கறது மூணாவது ஃபார்ம், சாதாரண வாக்கியம் "ஐ வாஸ் பார்ன்". அதுல ஏற்கனவே வாஸ் இருக்கு, மூணாவது படி ஞாபகம் வருதா, இடத்த மட்டும் மாத்துங்க: "வென் வெர் யூ பார்ன்?"

"டிட் யூ மேரீட்?"டும் இந்த ஜாதி தான். கல்யாணம் ஆனவரான்னு கேக்கணும்னா "ஆர் யூ மேரீட்?" நடந்துச்சான்னு கேக்கணும்னா "டிட் யூ கெட் மேரீட்?" கெட் தான் முதல் ஃபார்ம்ல இருக்கு, மேரீட் மாறல.

8. எங்க, எப்போ, ஏன்: கேள்விச் சொல்ல எங்க வைக்கறது

இதுவரைக்கும் ஆமா இல்லன்னு பதில் வர்ற கேள்விய செஞ்சோம். அத முதல்ல செஞ்சதுக்கு காரணம் இருக்கு, வேர், வென், ஒய், ஹவ் எல்லாம் அதே கேள்வி தலைல வைக்கற தொப்பி தான். "ஆர் யூ கோயிங்?" தலைல வேர் வச்சா "வேர் ஆர் யூ கோயிங்?" "டிட் ஹி லீவ்?" தலைல வென் வச்சா "வென் டிட் ஹி லீவ்?"

"வேர் யூ ஆர் கோயிங்?", "ஒய் யூ ஆர் லேட்?", "வென் யூ வில் கம்?" இதெல்லாம் வர்றது தொப்பிய நேரா சாதாரண வாக்கியத்து மேல வைக்கறதால. முதல்ல கேள்வியாக்கணும், அப்புறம் தான் தொப்பி. பழகற வரைக்கும் ரெண்டு மூச்சுல சொல்லுங்க, மனசுக்குள்ள "வில் யூ கம்?", வெளில "வென் வில் யூ கம்?" ஆரம்பத்துல மெதுவா இருக்கும், பரவால்ல, கொஞ்ச நாள் பழகினா அந்த இடைவெளி தானா சுருங்கிடும்.

தமிழ் உருபு விஷயமும் இங்க வரும். "எதைத் தேடற?"ல ஐ உருபு எதுங்கற சொல்லோட ஒட்டியிருக்கு. இங்கிலீஷ்ல அதுக்கு பதிலா வர்ற ஃபார் கடைசில தனியா நிக்கும்: "வாட் ஆர் யூ லுக்கிங் ஃபார்?" அத விட்டுட்டு "வாட் ஆர் யூ லுக்கிங்?"னு நிறுத்திடாதீங்க, பாதில விட்ட மாதிரி இருக்கும்.

"ஹவ் டு ஓபன் திஸ்?"னு கேக்கறதும் முழு கேள்வி இல்ல. அதுல ஆளும் இல்ல, காலமும் இல்ல, தலைப்பா எழுதலாம், ஒருத்தர் முகத்தப் பாத்து கேக்கறதுக்கு "ஹவ் டூ ஐ ஓபன் திஸ்?" அர்த்தம் கேக்கும்போது "வாட் மீன்ஸ் திஸ்?" வேண்டாம், "வாட் டஸ் திஸ் மீன்?"

9. யார், யாரை: டிட் தேவையே இல்லாத கேள்வி

எட்டு படியும் நல்லா வந்தவங்க விழற இடம் இது. டிட் நல்லா பழகினதும் எல்லா இடத்துலயும் டிட் போட ஆரம்பிச்சுடுவாங்க. "ஹூ டிட் கேம்?", "வாட் டிட் ஹேப்பன்ட்?"

சரியானது "ஹூ கேம்?", "வாட் ஹேப்பன்ட்?" டிட் இல்ல, ரெண்டாவது ஃபார்ம் அப்படியே இருக்கு.

ஏன்னா இங்க ஹூ தான் அந்த வேலைய செஞ்ச ஆளு. "சம்படி கேம்"ல சம்படிய எடுத்துட்டு ஹூ வச்சிருக்கோம், ஆளு ஏற்கனவே முன்னாடி தான் இருக்காரு, எதையும் திருப்பிப் போட வேண்டியதில்ல. திருப்பல, அதனால டிட் வரல. டிட் வராததால காலம் கேம்லயே இருந்துடுச்சு. முன்ன சொன்ன அதே கணக்கு தான், காலம் ஒரே இடத்துல.

எப்போ டிட் போடணும் எப்போ கூடாதுன்னு கண்டுபிடிக்க தமிழே நமக்கு பெரிய உதவி, இத யாராவது பயன்படுத்தாம விட்டா எனக்கு மனசு கஷ்டமா இருக்கும். கேள்விய முதல்ல தமிழ்ல சொல்லிப் பாருங்க.

"உன்னை யார் கூப்பிட்டாங்க?" யார்ங்கற சொல் வெறுமனே நிக்குது, எந்த உருபும் இல்ல. அப்போ டிட் வேண்டாம்: "ஹூ கால்ட் யூ?"

"நீ யாரைக் கூப்பிட்ட?" யார் கூட ஐ ஒட்டியிருக்கு. அப்போ டிட் வேணும்: "ஹூ டிட் யூ கால்?" யாருக்கு, யாரோட, யார்கிட்டன்னு ஒட்டி, வேலைய செஞ்ச ஆளு வேற ஒருத்தரா இருந்தா இதே தான். "யார்கிட்ட பேசின?"ன்னா "ஹூ டிட் யூ டாக் டு?"

என்னங்கற சொல்லுக்கு ஒரு எச்சரிக்கை. பேச்சுல "நீ என்ன வாங்கின?"ன்னு ஐ இல்லாமயே சொல்றோம். அதனால என்னங்கற சொல் வந்தா உருப மட்டும் பாக்காதீங்க, வேலைய செஞ்ச ஆளு தனியா இருக்காரான்னு பாருங்க. நீன்னு ஒருத்தர் இருக்காரு, டிட் வேணும், "வாட் டிட் யூ பை?" "என்ன ஆச்சு?"ல வேற ஆளே இல்ல, "வாட் ஹேப்பன்ட்?"

நிகழ்காலத்துல வேலைய செய்யற ஆளா ஹூ வந்தா வெர்ப்புக்கு எஸ் சேரும். "ஹூ லிவ்ஸ் ஹியர்?", "ஹூ வான்ட்ஸ் டு கம்?" பத்து பேர் கை தூக்கினாலும் கேள்வி வான்ட்ஸ் தான். ஹவ் மெனிக்கு அப்படி இல்ல, பன்மை: "ஹவ் மெனி பீப்பிள் ஒர்க் ஹியர்?"

10. இல்லன்னு சேத்து கேக்கறது, அதுக்கு பதில் சொல்றது

"ஒய் யூ டிடின்ட் கம்?" இல்ல, "ஒய் டிடின்ட் யூ கம்?" நாட் சுருங்கி டிட் கூட ஒட்டிடுச்சுன்னா ரெண்டும் ஒரே ஆளு, சேந்தே முன்னாடி வரும். பின்னாடி வழக்கம் போல முதல் ஃபார்ம்.

கேக்கறத விட பதில் தான் இங்க ஆபத்து. தமிழ்ல "நீ வரலையா?"ன்னு கேட்டா "ஆமா, வரல"ன்னு சொல்வோம். கேட்டவர் சொன்னது சரின்னு ஒத்துக்கறோம். இங்கிலீஷ்ல கேட்டவர் என்ன நினைச்சாருங்கறது கணக்கே இல்ல, வந்தா எஸ், வரலன்னா நோ.

எனக்கு தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட வேலை பாக்கற இடத்துல ஃபோன்ல "டிடின்ட் யூ செண்ட் த ஃபைல்?"னு கேட்டிருக்காங்க. அவர் ஆமா இன்னும் அனுப்பலங்கற அர்த்தத்துல "எஸ், எஸ்"னு சொல்லிட்டாரு. அந்தப் பக்கம் அனுப்பியாச்சுன்னு எடுத்துக்கிட்டு சாயந்திரம் வரைக்கும் மெயில பாத்துட்டே இருந்திருக்காங்க. ரெண்டு பேரும் தப்பா எதுவும் நினைக்கல, ஒரே ஒரு எஸ் அர்த்தத்த மாத்திடுச்சு. அதனால இந்த மாதிரி கேள்விக்கு வெறும் எஸ் நோவோட நிறுத்தாதீங்க, வெர்ப்பையும் சேத்து சொல்லுங்க: "நோ, ஐ டிடின்ட்" இல்லன்னா "எஸ், ஐ டிட்". குழப்பத்துக்கு வழியே இருக்காது.

"டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?"னு யாராவது கேட்டா உக்காரலாம்ங்கறதுக்கு பதில் "நோ, கோ அஹெட்". மைண்ட்னா ஆட்சேபணைன்னு அர்த்தம், ஆட்சேபணை இல்லன்னு சொல்றீங்க.

11. கேள்விக்குள்ள இன்னொரு கேள்வி

பணிவா கேக்கறதுக்கு "கேன் யூ டெல் மீ", "டூ யூ நோ"ன்னு ஆரம்பிப்போம். உடனே வர்ற தப்பு: "கேன் யூ டெல் மீ வேர் இஸ் த ஆபிஸ்?", "டூ யூ நோ வேர் டஸ் ஹி ஒர்க்?"

சரியானது "கேன் யூ டெல் மீ வேர் த ஆபிஸ் இஸ்?", "டூ யூ நோ வேர் ஹி ஒர்க்ஸ்?"

திருப்பிப் போடற வேலை முன்பாதிலயே முடிஞ்சுடுச்சு, கேன் யூ, டூ யூன்னு. ரெண்டாவது பாதி கேள்வியே இல்ல, சாதாரண வாக்கியம் தான். அதனால டஸ் வெளில போகுது, அது தூக்கிட்டுப் போன எஸ் திரும்ப ஒர்க்ஸுக்கு வருது. இறந்த காலம்னா "டூ யூ நோ வென் ஷி லெஃப்ட்?", டிட் இல்ல, லெஃப்ட் திரும்ப வந்துடுச்சு.

இதுக்கும் தமிழ்ல அடையாளம் இருக்கு. "அவன் எங்க வேலை பாக்கறான்னு தெரியுமா?" அந்த "ன்னு" வந்துச்சுன்னா அதுக்கு முன்னாடி இருக்கற பகுதிய திருப்பக்கூடாது. "வந்தானான்னு தெரியுமா?"ன்னு ஆவும் ன்னுவும் சேந்து வந்தா இங்கிலீஷ்ல இஃப் போடுங்க: "டூ யூ நோ இஃப் ஹி கேம்?"

பழகறவங்கள இந்தப் படிக்கு சீக்கிரம் கூட்டிட்டு வராதீங்க. திருப்பவே இன்னும் கை வராதவங்ககிட்ட இங்க திருப்பாதன்னு சொன்னா, அஞ்சாவது படில கட்டினது எல்லாம் இடிஞ்சு போயிடும். நானே அவசரப்பட்டு ஒருத்தருக்கு ரெண்டையும் ஒரே நாள்ல சொல்லி, அவர் அடுத்த வாரம் "வேர் யூ ஒர்க்?"னு கேட்டு நின்னதப் பாத்திருக்கேன்.

12. கடைசில ஒட்டற இஸின்ட் இட்

தமிழ்ல "தானே", "இல்லையா" எல்லா வாக்கியத்துக்கும் ஒண்ணுதான். அதையே "யூ ஆர் கமிங், இஸின்ட் இட்?"னு கொண்டு வந்துடறோம். முன்னாடி இருக்கற ஹெல்பிங் வெர்ப்பயே எடுத்து எதிர்மாறா சொல்லணும். "யூ ஆர் கமிங், ஆர்ன்ட் யூ?", "ஹி கேன் டிரைவ், கான்ட் ஹி?" ஹெல்பிங் வெர்ப் இல்லன்னா டூ குடும்பம்: "ஷி லைக்ஸ் இட், டசின்ட் ஷி?" பேசற வேகத்துல வரலன்னா "ரைட்?"னு முடிச்சுடுங்க, சாதாரண பேச்சுக்கு அது போதும்.

13. எந்த வரிசைல பயிற்சி பண்றது

முதல் வாரம் மூணாவது, நாலாவது படி மட்டும், வெறும் இடமாத்தம். அடுத்த ரெண்டு வாரம் அஞ்சாவது படிலயே இருங்க. அதுல தப்பு நின்னதுக்கப்புறம் தான் ஹேவ், அப்புறம் கேள்விச் சொல், அப்புறம் யார் யாரை. பதினொண்ணாவது படி எல்லாத்துக்கும் பின்னாடி.

தினமும் ஒரே ஒரு வாக்கியம் எடுத்தா போதும், அத ஆறு விதமா கேளுங்க. உதாரணத்துக்கு "ஹிஸ் சிஸ்டர் ரோட் த லெட்டர் எஸ்டர்டே."

"டிட் ஹிஸ் சிஸ்டர் ரைட் த லெட்டர் எஸ்டர்டே?"
"வாட் டிட் ஹிஸ் சிஸ்டர் ரைட் எஸ்டர்டே?"
"வென் டிட் ஹிஸ் சிஸ்டர் ரைட் த லெட்டர்?"
"ஹூ ரோட் த லெட்டர் எஸ்டர்டே?"
"டிடின்ட் ஹிஸ் சிஸ்டர் ரைட் த லெட்டர் எஸ்டர்டே?"
"டூ யூ நோ வென் ஹிஸ் சிஸ்டர் ரோட் த லெட்டர்?"

ரைட் நாலு தடவ, ரோட் ரெண்டு தடவ. ஒவ்வொரு ரைட்டுக்கும் முன்னாடி ஒரு டிட் இருக்கான்னு பாருங்க, ரோட் வந்த ரெண்டு கேள்வில டிட் இல்லாம இருக்கான்னு பாருங்க. எழுதி முடிச்சதும் ஆறையும் சத்தமா வாய்விட்டு படிங்க, கண்ணுக்கு தெரிஞ்சது நாக்குக்கு தெரிய நேரம் ஆகும். மறுநாள் டேக், டுக் எடுத்து "மை பிரென்ட் டுக் த போட்டோ"ன்னு ஒரு வாக்கியம், அதுக்கு ஆறு கேள்விய பாக்காம நீங்களே எழுதுங்க, மை எங்கெல்லாம் யுவர் ஆகுதுன்னும் பாத்துக்கங்க.